சாதாரணத் தண்ணீர்

அந்தச் செய்தியை ஏஞ்சலின் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் நின்றபடியே படித்தாள். யாரோ போனில் அனுப்பியிருந்த பத்திரிகைத் துண்டு. 'ஒரு டம்ளர் தண்ணீரில் சூரியனின் சக்தி' என்று தலைப்பு. கீழே மோகன்ராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். கடைசிப் பத்தியில் அவள் பெயர் இருந்தது. 'எங்கள் கண்டுபிடிப்பை டாக்டர் ஏஞ்சலின் தன்னுடைய ஆய்வகத்தில் தனியாகச் செய்து பார்த்து உறுதிப்படுத்தியிருக்கிறார்.'

பக்கத்தில் நின்ற பெண் சற்று விலகி நின்றாள். தான் வாய்விட்டே திட்டியிருக்கிறோம் என்பது ஏஞ்சலினுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அவள் எதையும் உறுதிப்படுத்தவில்லை. நடந்தது வேறு.

ஏஞ்சலினின் தாத்தா ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அப்பா இரும்பு உருட்டாலையில் நெருப்புக்கு முன்னால் நின்றே ஓய்வு பெற்றவர். அவள் சென்னைக்குப் போய் மின்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினாள். அப்போது அடுத்த மேஜையில் ஆராய்ச்சி செய்தவன்தான் மோகன்ராஜ், அவனும் இந்தப் பக்கத்துக்காரன். படிப்பு முடிந்தபின் அவள் ஊருக்கே திரும்பி, தொழிற்பேட்டையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். பெயின்ட், பேட்டரி, ரசாயனம் எதுவானாலும் அது எவ்வளவு சூடு கக்குகிறது என்று அளந்து சொல்வது அவள் பிரிவின் வேலை. மோகன்ராஜ் பல வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து, அவள் கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தான். வாசலில் 'குளிர்ச்சுடர் எனர்ஜி' என்று போர்டு மாட்டினான்.

சூரியனுக்குள் கோடி டிகிரிச் சூட்டில் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. அதே இணைவை மேஜைமேல் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் நடத்திக் காட்டுகிறேன் என்பதுதான் மோகன்ராஜின் பேச்சு. ஜாடியில் கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர், அதற்குள் பல்லேடியம் என்ற உலோகத்தில் ஒரு கம்பி, அதில் மின்சாரம், அவ்வளவுதான். கோல்ட் ஃப்யூஷன், குளிர்நிலை இணைவு என்ற இந்தக் கதை முப்பது வருஷத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது ஒருவர் கூடுதல் சூடு வந்துவிட்டது என்பார். மற்றவர்கள் செய்து பார்த்தால் வராது. ஒருவருக்கு வரும், அடுத்த முறை அவருக்கே வராது.

செய்து பார்க்காமலே வராது என்று சொல்வது ஏஞ்சலினுக்குப் பிடிக்காது. அதனால் மோகன்ராஜ் வந்து, "நீயே உன் லேப்ல பண்ணிப் பாரு, நான் கிட்டகூட வரமாட்டேன்" என்றபோது சரி என்றாள். ஜாடி, கம்பி, கனநீர் எல்லாம் அவன் கொடுத்ததுதான். வேலை நேரம் முடிந்த பிறகு அவளே உட்கார்ந்து அளந்தாள். அவன் தந்த கணக்குமுறைப்படி பார்த்தால், போட்ட மின்சாரத்தைவிட வந்த சூடு அதிகமாக இருந்தது. திரும்ப அளந்தாள். அதிகம்தான். உடனே அவனுக்குப் போன் செய்து, "வருதுடா" என்றாள்.

அந்த ஒரு சொல்லை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் அவள் எந்த ஆராய்ச்சிக்காரரும் செய்ய வேண்டிய மறுபாதி வேலையைச் செய்தாள். கனநீரைக் கொட்டிவிட்டுச் சாதாரணத் தண்ணீரை ஊற்றினாள். மோகன்ராஜின் கணக்குப்படியே சாதாரணத் தண்ணீரில் ஃப்யூஷன் நடக்க வழியில்லை. ஆனால் அதே அளவு சூடு வந்தது. அப்படியானால் சூடு வேறு எங்கிருந்தோ வருகிறது. தேடிப் பிடித்தாள். மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. அந்த வாயுக்கள் வெளியேறும்போது கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொண்டு போகின்றன என்று வைத்து மோகன்ராஜ் அதையும் கணக்கில் சேர்த்திருந்தான். ஆனால் வாயு முழுவதும் வெளியேறவே இல்லை. ஒரு பகுதி ஜாடிக்குள்ளேயே மறுபடி சேர்ந்து தண்ணீராகி, சூட்டையும் உள்ளேயே விட்டுவிட்டது. வெளிவரும் வாயுவைப் பிடித்து அளந்தாள். கணக்கில் இருந்ததைவிட வாயு எவ்வளவு குறைந்ததோ, அதற்குச் சரியாக இருந்தது அந்த 'அதிகச் சூடு'. எல்லாவற்றையும் எழுதி மோகன்ராஜுக்கு அனுப்பினாள். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

இப்போது இந்தச் செய்தி.

ரயிலை விட்டு இறங்கியவள் தன் வேலைக்குப் போகவில்லை. நேராக ஷெட்டுக்குப் போனாள்.

மோகன்ராஜ் எழுந்து நின்று வரவேற்றான். மூலையில் டெக்னீஷியன் குணா ஒரு ஜாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும், பக்கத்து ஊர்க்காரன். அவளைப் பார்த்து, "வாங்க மேடம்" என்றான்.

"நான் எப்படா உறுதிப்படுத்துனேன்?" என்றாள் ஏஞ்சலின்.

"வருதுன்னு நீதானே போன்ல சொன்ன?"

"அப்புறம் அனுப்பினேனே, அது? சாதாரணத் தண்ணியிலயும் அதே சூடு வந்துதுன்னு?"

மோகன்ராஜின் முகம் மலர்ந்தது. "அதைப் பத்தித்தான் உன்கிட்ட பேசணும்னு இருந்தேன், ஏஞ்சல். உன்னுதுதான் பெரிய கண்டுபிடிப்பு. கனநீரே தேவையில்ல! சாதாரணத் தண்ணியிலயும் ஃப்யூஷன் நடக்குது!"

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. அவன் நம்பித்தான் பேசினான். பொய் சொல்கிறவனாக இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். இவனை என்ன செய்வது?

கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இன்னா நடந்தா இது ஃப்யூஷன் இல்லன்னு ஒத்துக்குவ? கனநீர்ல சூடு வந்தா ஃப்யூஷன். சாதாரணத் தண்ணில வந்தாலும் ஃப்யூஷன். வராமப் போனா கம்பி சரியில்ல. எது நடந்தா இல்லன்னு சொல்லுவ?"

அவன் உண்மையிலேயே யோசித்தான். பிறகு, "நான் ஏன் இல்லன்னு சொல்லணும்?" என்று கேட்டான்.

அதற்குள் வாசலில் புல்லட் வந்து நின்றது. ஆதிநாராயணன். ஆரம்பாக்கத்தில் நன்செய் வைத்திருப்பவர். குளிர்ச்சுடரின் பெரிய தொழிற்சாலை அவருடைய நிலத்திலும் அவர் சேர்த்துவிட்ட இன்னும் சிலருடைய நிலத்திலும்தான் வரப்போவதாகப் பேச்சு. ஏஞ்சலின் அவரிடமே திரும்பி, இது நடக்காது ஐயா, நான் அளந்து பார்த்தேன் என்றாள்.

ஆதிநாராயணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, மெட்ராஸ்ல பெரிய புரபசரு, வெங்கடேசன்னு, கவர்மென்ட் கமிட்டில கீறாராம். இது நெசமா, வந்து பாத்துச் சொல்லுங்கன்னு நாங்க ஊர்க்காரங்க சேந்து கேட்டோம். முடியாதுன்னு ஒரே வார்த்தை. வரல, பாக்கல, ஏன்னும் சொல்லல. பாக்காமயே முடியாதுன்றவன இன்னா நம்பறது? நம்ம பக்கத்துலேர்ந்து ஒருத்தன் மேல வந்தா அவனுங்களுக்கு ஆவாது."

"அவரு பாக்காமச் சொன்னாரு. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

"நீயும் மொதல்ல வருதுன்னுதானம்மா சொன்ன?"

அவர் சொன்னது உண்மைதான். அது அவளை இன்னும் எரித்தது.

கிளம்பும்போது மோகன்ராஜ் பின்னாலேயே வந்தான். "வாயு வெளிய போறதுலதான் உனக்குச் சந்தேகம். ஜாடிய மூடிட்டா? எதுவும் வெளிய போகலன்னா கணக்கு நேராயிடும் இல்ல?"

"ஆயிடும். ஆனா உள்ள சேர்ற வாயுவ அப்பப்பவே தண்ணியாக்குற வினையூக்கி வைக்கணும். அழுத்தம் ஏறினா திறந்துக்கிற வால்வு வைக்கணும். ரெண்டும் இல்லாம மூடாத. அது வெடிமருந்து."

"தெரியும், தெரியும்" என்றான் அவன்.

தன் கூடத்துக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேராசிரியர் வெங்கடேசனுக்குப் போன் போட்டாள். ஒரே ஒரு நாள் வந்து பார்த்து, ஏன் இல்லை என்று அந்த ஜனங்களுக்கு விளக்குங்கள் சார் என்று கேட்டாள். அவர் சிரித்தார்.

"கோல்ட் ஃப்யூஷனா? அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்மா. போய்ப் பார்த்தாலே அதுக்கு ஒரு மரியாதை கொடுத்த மாதிரி ஆயிடும். நீங்களே எதுக்கு இதைச் செய்து பார்த்து நேரத்தை வீணாக்குனீங்க?"

போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு அவள் காதில் கிடந்து குடைந்தது. ஒருவன் எது வந்தாலும் ஆமாம் என்கிறான். இன்னொருவர் எதையும் பார்க்காமலே இல்லை என்கிறார். இரண்டு பேருமே ஜாடியைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, முற்பகலில், டீ வந்த நேரம். ஒரு சத்தம் கேட்டது. லாரி டயர் வெடித்தது போல, ஆனால் அதைவிடக் கூர்மையாக. ஏஞ்சலின் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். எங்கே போகிறோம் என்று அவள் யோசிக்கவே இல்லை.

ஷெட்டின் ஜன்னல்கள் உடைந்திருந்தன. உள்ளே ஆதிநாராயணனும் ஊர்க்காரர்கள் சிலரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் அன்றைக்கு ஏற்பாடு. அவளிடம் யாரும் சொல்லவில்லை. மேஜைக்குக் கீழே குணா கிடந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. தரையெல்லாம் கண்ணாடித் தூள். மேஜைமேல் ஒரு இரும்பு மூடி, அதன் திருகுகளோடு வளைந்து கிடந்தது. அதில் வால்வு இல்லை.

வினையூக்கியும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. மோகன்ராஜ் ஆர்டர் கொடுத்திருக்கிறான், வரத் தாமதம், அவனுக்குப் பொறுக்கவில்லை.

குணாவின் இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி தமிழ்செல்வி ஏஞ்சலினைப் பார்த்ததும் அழவில்லை. கையில் இருந்த போனை நீட்டினாள்.

"இத்தப் பாருங்க மேடம். எங்க ஊட்டுக்காரரு உள்ள படுத்துக்கினு கீறாரு. இந்தாளு இன்னா பேசிக்கினு கீறாருன்னு பாருங்க."

ஒரு சேனலில் மோகன்ராஜ். நெற்றியில் சிறிய பிளாஸ்திரி. "நாங்களே எதிர்பார்க்காத அளவுக்குச் சக்தி வெளிப்பட்டிருக்கு. இத்தனை நாளா சந்தேகப்பட்டவங்களுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேணுமா?" விபத்து எப்படி என்று நிருபர் கேட்டார். "டெக்னீஷியன் மூடியை அளவுக்கு மேல முறுக்கிட்டார். மனுஷத் தவறு. அவர் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லிக்கிறேன்."

"ஜாஸ்தி முறுக்கிட்டாராம்" என்றாள் தமிழ்செல்வி. "மூடச் சொன்னது யாரு? எவ்ளோ முறுக்கணும்னு சொல்லிக் குடுத்தது யாரு?"

மூடினால் கணக்கு நேராகும் என்று சொன்ன வாய் ஏஞ்சலினுடையது. மூடாதே என்று சொன்னதும் அதே வாய்தான். அவன் பாதியைக் கேட்டுக்கொண்டான், வழக்கம்போல. அவன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

உள்ளே கட்டுப் போட்ட முகத்தோடு குணா சொன்னான்: "எனக்குத் தெரியணும் மேடம். என் கண்ணு சூரியனால போச்சா, என் கையால போச்சா?"

"ரெண்டும் இல்ல குணா."

"நீங்க சொல்றீங்க. அவரும் ஒண்ணு சொல்றாரு. நான் யாரை நம்பறது? காட்டுங்க."

காட்டுவது என்று அவள் முடிவு செய்தாள்.

பரிசோதனைக் கூடத்தின் பின்னால் காலி மனை இருந்தது. முதலாளியிடம் அனுமதி வாங்கினாள். தீயணைப்பு நிலையத்தில் சொல்லி ஆட்களை வரவழைத்தாள். பாதி வெட்டிய டிரம்களைச் சுற்றி மணல் மூட்டைகளை அடுக்கச் செய்தாள். குளிர்ச்சுடரில் இருந்த அதே வகை ஜாடிகள், அதே வகை மூடிகள். மூடிகளில் துளையிட்டு, அன்று ஷெட்டில் சூடேறிய கம்பி செய்ததுபோல் பற்றவைக்க, பைக்கின் ஸ்பார்க் பிளக்கைப் பொருத்தினாள். மூடிகளை முறுக்கப்போவது வெறும் கையால்தான், அழுத்தாமல்.

ஆதிநாராயணனைக் கூப்பிட்டு, "ஐயா, நீங்கதான் ஊத்தணும்" என்றாள். "சிலதுல கனநீர், சிலதுல கடையில வாங்குன கேன் தண்ணி. ரெண்டுலயும் ஒரே உப்பு. எதுல எதுன்னு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். எனக்குக்கூடச் சொல்லாதீங்க."

"உனக்கு ஏன் சொல்லக்கூடாது?"

"தெரிஞ்சா நானும் எனக்கு வேண்டியதைத்தான் பாப்பேன்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றினார்.

மோகன்ராஜும் வந்தான். வரவில்லை என்றால் நிலத்தை மறந்துவிடு என்று ஆதிநாராயணன் சொல்லியிருந்தார். ஊர்க்காரர்கள், நிருபர்கள், தொழிற்சாலை ஆய்வாளர் எல்லோரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். குணாவைத் தமிழ்செல்வி கைபிடித்துக் கூட்டிவந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"மோகன்" என்றாள் ஏஞ்சலின். "அன்னைக்கு வெடிச்சது ஃப்யூஷன்னு நீ சொன்ன. கனநீர்ல வேற மாதிரி வெடிக்கும், இல்லையா? சத்தத்தை வச்சு, உடையறதை வச்சு, எது கனநீர்னு சொல்லு. ஒரு தடவை சரியாச் சொன்னாலும் தப்பாச் சொன்னாலும் அதுக்கு அர்த்தம் இல்ல. வரிசையாச் சொல்லு."

ஜாடிகளில் மின்சாரம் பாய்ந்து வாயு சேர்ந்ததும், தூரத்திலிருந்து அவள் சுவிட்சைத் தட்டினாள். முதல் ஜாடி வெடித்தது. டிரம்மிலிருந்து மணல் கிளம்பியது. காகங்கள் பறந்தன.

"இதுதான்! கனநீர்!" என்று கத்தினான் மோகன்ராஜ். "கேட்டீங்களா சத்தத்தை?"

"கேன் தண்ணி, நைனா" என்றார் ஆதிநாராயணன்.

இரண்டாவதை அவன் சாதாரணத் தண்ணீர் என்றான். அது சரியாக இருந்தது. அவன் முகம் தெளிந்தது. மூன்றாவது ஜாடி முதல் ஜாடியைப் போலவே சத்தம் போட்டு, முதல் ஜாடியைப் போலவே தூளானது. அதையும் சாதாரணம் என்றான். கனநீர். நான்காவதற்கு அவன் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுடா" என்றாள் ஏஞ்சலின். "வெறும் கையால முறுக்கினேன். கடைத் தண்ணிய ஊத்தினேன். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒண்ணா மூடி வச்சா ஒரு பொறியிலயே வெடிக்கும்னு ஸ்கூல் பசங்களுக்குத் தெரியும். அதுக்குச் சூரியன் வேணாம், குணா கையும் வேணாம். வால்வு இல்லாத மூடி போதும். அந்த மூடியப் போட்டது நீ!"

"கனநீர் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும்" என்றான் மோகன்ராஜ் மெல்ல. "திறந்து ஊத்தும்போது கெட்டுப்போயிருக்கும். இது சரியான சோதனை இல்ல."

கனநீர் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஊற்றி மூடும் நேரத்துக்குள் கெட்டுப்போகும் என்பது பொய். அவன் சொல்லும் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு சிட்டிகை உண்மை இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் வாயெடுப்பதற்குள் ஆதிநாராயணன் முந்திக்கொண்டார்.

"இந்தா நைனா. வெடிச்சாலும் உன்னுது சரி. வெடிக்கலன்னாலும் உன்னுது சரி. எது நடந்தாலும் நீ சொன்னதுதான் சரின்னா, நாங்க எதுக்கு வேடிக்கை பாக்கணும்? அந்தப் பையன் கண்ணு போயிக்கீது. அதுக்கு ஒரு வார்த்தை நான் பண்ணது தப்புன்னு சொன்னியா?"

மோகன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்னும் ஜாடிகள் மீதி இருந்தன. ஏஞ்சலினின் கை சுவிட்சில்தான் இருந்தது. எல்லாவற்றையும் வெடித்துத் தீர்க்க வேண்டும் என்ற வெறி அவளுக்குள் இருந்தது. தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். குணா நாற்காலியில் இல்லை. மண்ணில் குந்தி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். தமிழ்செல்வி அவன் முதுகை அணைத்திருந்தாள். எந்தச் சத்தத்தில் அவன் கீழே இறங்கினான் என்பதுகூட ஏஞ்சலினுக்குத் தெரியவில்லை. கைத்தட்டலை எதிர்பார்ப்பவள் போல மோகன்ராஜையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சுவிட்சைக் கழற்றினாள். மீதி ஜாடிகளை அப்படியே திறந்து வாயுவை வெளியேற்றச் சொல்லித் தீயணைப்பு ஆட்களிடம் விட்டுவிட்டுக் குணாவிடம் ஓடினாள்.

ஆய்வாளரின் அறிக்கை குணாவின் மேல் தவறில்லை என்றது. ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள், வழக்கு நடக்கிறது. ஆதிநாராயணனும் மற்றவர்களும் நிலத்தைத் தரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மோகன்ராஜ் ஜாமீனில் வந்து, சில மாதத்திலேயே வேறொரு மாநிலத்தில் மேடையேறினான். பொறாமை பிடித்த சிலர் தன் ஆராய்ச்சியை முடக்கப் பார்த்தார்கள் என்று அங்கே பேசினான். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அவன் பேசிய ஊரிலிருந்து இரண்டு பேர் ஏஞ்சலினைத் தேடிப் பிடித்து, இது உண்மையா என்று கேட்டார்கள். தன் அளவுகள் எல்லாவற்றையும் அனுப்பினாள், முதல் நாள் "வருதுடா" என்று சொன்னது உட்பட.

வெங்கடேசன் போன் செய்தார். "பிரமாதம்மா! போலி அறிவியலைத் தோலுரிச்சுட்டீங்க. எங்க கருத்தரங்குல வந்து பேசணும். நாங்கதான் அப்பவே சொன்னோமே, முடியாதுன்னு."

"நீங்க சொன்னீங்க சார். சந்தேகம் இருந்தா மனுஷன் வந்து பார்ப்பான். உங்களுக்கு இருந்தது அலட்சியம். அந்த ஜனங்க உங்களைக் கூப்பிட்டாங்க. நீங்க ஒரு நாள் வந்து, இந்த வாயு எங்க போகுதுன்னு காட்டியிருந்தா, அவங்க அன்னைக்கே அவனை விட்டிருப்பாங்க. யாரும் மூடியைப் போட்டிருக்க மாட்டாங்க. மேடையில ஏறி நான் இதைத்தான் பேசுவேன். பரவாயில்லையா?"

லைன் கட்டானது. கருத்தரங்குக்கு அழைப்பு வரவில்லை.

அவள் பேசியதை எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான் குணா. வழக்குக்காக வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"மேடம், அப்ப அந்தக் கோல்ட் ஃப்யூஷன் உலகத்துல எங்கயுமே இல்லவே இல்லையா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொன்னால் அவன் நிம்மதியாகப் போவான். அவளுக்கும் அப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

"மோகன் ஜாடியில இல்ல. இதுவரைக்கும் நான் பாத்த எதுலயும் இல்ல. இருக்கும்னும் எனக்குத் தோணல. ஆனா வேற யாராவது கொண்டாந்தா, அளந்துதான் பாக்கணும் குணா."

"இன்னும் அளப்பீங்களா?" அவன் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "எனக்கு ஒரு கண்ணு போய்க்கீது. நீங்க இன்னும் அளப்பேன்றீங்க!"

"அளப்பேன்" என்றாள். அவள் குரலும் ஏறியிருந்தது.

அவன் கதவு வரைக்கும் போனான். அங்கே நின்று, திரும்பாமலே, "யாராவது கொண்டாந்தா எனக்குச் சொல்லுங்க. நான் கிட்ட வந்து நிப்பேன். எவனாவது மூட வந்தா கைய ஒடைப்பேன்" என்றான்.

வெளியே தமிழ்செல்வி ஷேர் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். அவன் போனான். ஏஞ்சலின் விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினாள்.